ஏற்றுமதிச் சரக்கின் வகையறிதல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், கைத்தொழில் வர்த்தகப் பகுதியின் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்யாசம்)



விழா நாளிற் பேசுதற்கு இன்பமான விஷயங்கள் எத்தனையோ இருக்க, சர்க்கார் பட்டியலொன்றைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அதன் காரணம் உங்களிற் பலர் அறிந்ததே. கோயமுத்தூரில் உள்ள எமது பட்டறையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற வால்வுச் சரக்கு கப்பலேறாமல் நின்றுவிட்ட செய்தி, அது நின்ற மூன்றாம் நாளே கல்யாண வீடுகளிற் பேச்சாகிவிட்டது. கள்ளச் சரக்கு என்றனர் சிலர். போட்டிக்காரர் செய்த சூது என்றனர் சிலர். இரண்டும் உண்மையன்று. பிழை எம்முடையது; அறியாமையால் விளைந்தது. எமது தமையனார், "குடும்பத்துக் குறையைச் சபையில் எடுத்து வைக்காதே, தம்பி" என்று தடுத்தார். அவர் வார்த்தையை இதுகாறும் யாம் மீறியதில்லை. ஆயினும் நம்மவருள் வால்வும் பம்பும் வார்ப்பவர், ரசாயனம் விற்பவர், யந்திரம் கடைபவர் இத்தனை பேர் இருக்க, எமக்கு நேர்ந்தது மற்றொருவருக்கும் நேரும்படி வாளாவிருத்தல் தகாதென்று துணிந்து வந்தோம்.

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிவிட வேண்டும். நம் சரக்குகள் ஒவ்வொன்றுக்கும் சுங்க இலாகாவில் ஓர் எண் உண்டென்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். வால்வு என்றால் 8481, பம்பு என்றால் 8413 என்று கணக்குப்பிள்ளை உறக்கத்திலும் சொல்லுவார். அவ்வெண் தீர்வைக்காகவும் கணக்கிற்காகவும் ஏற்பட்டது. வீட்டுக் குழாயில் இருப்பதும் வால்வு, ரசாயனச் சாலையில் இருப்பதும் வால்வு; இரண்டிற்கும் தலைப்பு ஒன்றே. இஃதன்றி, வேறொரு பட்டியலும் உண்டு. விசேஷ ரசாயனங்கள், நுண்ணுயிர்கள், பொருள்கள், சாதனங்கள், தொழில்நுட்பங்கள் என்னும் ஐந்தின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து அதனை ஸ்காமெட் என்று அழைப்பர். 1992-ஆம் வருஷத்து அன்னிய வியாபாரச் சட்டத்தின் கீழ், டி.ஜி.எப்.டி. என்று நாம் வழங்கும் இலாகா அதனை வெளியிடுகிறது. போருக்கும், பேரழிவு ஆயுதங்களுக்கும் துணையாகக்கூடிய சரக்குகளை அது வகுத்துக் காட்டுகிறது. அப்பட்டியலிற் சேர்ந்த சரக்கை அனுமதியின்றி வெளிநாட்டிற்கு அனுப்பலாகாது. அணுசக்திப் பொருள்கள் பூஜ்ஜியம் என்ற வகுப்பில் தொடங்கி, ரசாயனங்கள், நுண்ணுயிர்கள், மூலப்பொருள்களும் அவற்றைப் பதப்படுத்தும் சாதனங்களும், ஆகாய யந்திரங்கள், போர்த்தளவாடங்கள் எனச் சென்று, எட்டாம் வகுப்பில் மின்னணுச் சாதனம், கம்ப்யூட்டர், லேசர் முதலியவற்றில் முடிகின்றது.

சுங்க எண்ணைத் தெரிந்துகொண்டவர் பட்டியலையும் தெரிந்துகொண்டதாக எண்ணிவிடுவதே நம்மவர் செய்யும் பிழை. ஒன்று சரக்கின் பெயரைக் கேட்கிறது. மற்றொன்று சரக்கின் வல்லமையைக் கேட்கிறது. ஒரே 8481-இன் கீழ் வரும் இரண்டு வால்வுகளில் ஒன்று தாராளமாகக் கப்பலேறும்; மற்றொன்றிற்கு டில்லியின் அனுமதி வேண்டும். இவ்வேறுபாட்டை யாம் அறிந்துகொண்ட விதத்தை இனிச் சொல்லுகிறோம்.

எமது தகப்பனார் காலத்தில் எம் பட்டறையில் வார்ப்பிரும்பு வால்வுகளே செய்யப்பட்டன. சாயச்சாலைகளும் அமிலச்சாலைகளும் கேட்கத் தொடங்கியபின், வார்ப்பிரும்பு உடலினுள்ளே டெப்லான் லைனிங் இட்ட வால்வுகளைச் செய்யலானோம். வேலை நுட்பமானது, லாபமும் சற்று அதிகம். 2021-ஆம் வருஷத்தில் வளைகுடாத் துறைமுகமொன்றிலிருந்த ஒரு தரகுக் கம்பெனி, இரண்டு அங்குல அளவில் அறுபது வால்வுகள் வேண்டுமென்று எழுதிற்று. விலையிற் பேரம் பேசவில்லை. முன்பணமாகப் பாதியை அனுப்பிவிட்டது. பேரம் பேசாத வியாபாரியைக் கண்டால் நம் பாட்டன்மார் சந்தேகித்திருப்பர், யாமோ மகிழ்ந்தோம்.

ஷிப்பிங் பில் எழுதும்போது எமது கிளியரிங் ஏஜெண்டு டெலிபோனில் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இது ஸ்காமெட் சரக்கு இல்லைதானே?" என்றார். யாம் பட்டியலைக் கண்ணாற் கண்டதில்லை. "வால்வுதானே, வெடிமருந்தா அனுப்புகிறோம்?" என்று சிரித்தோம். அவரும் சிரித்து, இல்லையென்று குறித்துக்கொண்டார். அச்சிரிப்பின் விலை பின்னர் பல லட்சம் ரூபாயாயிற்று.

துறைமுகத்தில் ஒரு வாலிப அதிகாரி பெட்டியொன்றைத் திறந்து, வால்வின் வாயினுள்ளே விரலை விட்டுப் பார்த்தாராம். வெளியே கறுத்த இரும்பு. உள்ளே வெண்மையான வழுவழுப்பு. "திரவம் படும் இடமெல்லாம் என்ன பொருள்?" என்று எழுத்துமூலம் கேட்டார். எமது வரைபடத்திலேயே அது எழுதியிருந்தது. விடையனுப்பினோம். அவ்விடையே எம்மைப் பட்டியலினுள் நிறுத்திவிட்டது. அதன்பின் அதிகாரிகள் கேட்டது, இவ்வால்வுகளை இறுதியில் உபயோகிப்போர் யார், எந்த ஊரில், எந்தத் தொழிற்சாலையில், என்ன செய்வதற்கு என்பதே. தரகுக் கம்பெனிக்கு எழுதினோம். முதற் கடிதத்திற்கு, வாங்குபவரின் பெயர் வியாபார ரகசியம் என்று பதில் வந்தது. இரண்டாம் கடிதத்திற்குப் பதிலில்லை. மூன்றாம் முறை டெலிபோன் செய்தபோது, அந்த எண் வழக்கத்தில் இல்லையென்று சொல்லிற்று. பாதிப் பணத்தை வீட்டுவிட்டு மறைந்த வாடிக்கைக்காரனை எமது ஆயுளில் அன்றுதான் கண்டோம்.

பதினொரு வாரம் சரக்கு துறைமுகத்திற் கிடந்தது. வாடகை ஏறிற்று, பாங்கியில் வாங்கிய ஏற்றுமதிக் கடனுக்கு வட்டி ஏறிற்று, இலாகாவிற்கு விளக்கம் எழுதுவதிலும் அபராதம் கட்டுவதிலும் அவ்வாண்டின் லாபம் கரைந்தது. இவையெல்லாம் பணக் கணக்கு. பணம் போனால் தேடிக்கொள்ளலாம். அவ்வறுபது வால்வுகளும் எங்கே செல்லவிருந்தன என்னும் கேள்விக்கோ எமக்கு இன்றளவும் விடையில்லை. நல்லதோர் உரத் தொழிற்சாலைக்காகவும் இருக்கலாம். அவ்வாறாயின் பெயரைச் சொல்வதில் என்ன தடை?

நிற்க. வெண்மையான ஒரு லைனிங்கில் அரசாங்கத்தார்க்கு ஏன் இவ்வளவு கவலை என்று நீங்கள் கேட்கலாம். யாமும் கேட்டோம். அதற்கு விடை, நம் ஊரிலன்றி இராக் தேசத்திற் கிடைத்தது.

1980-ஆம் வருஷத்தில் இராக்கிற்கும் ஈரானுக்கும் மூண்ட யுத்தத்தில் இராக் விஷவாயுவைப் பிரயோகித்தது. 1984-இல் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தார் அனுப்பிய நிபுணர்கள் அதனை உறுதிசெய்தனர். ஸமாரா நகருக்கருகே அவ்வாயுவைச் செய்யும் சாலையொன்று எழுந்திருந்தது. அதற்கு வேண்டிய பாத்திரங்களும் குழாய்களும் ரசாயனங்களும், பூச்சிமருந்து செய்வதற்கென்ற பெயரில், மேல்நாட்டுக் கம்பெனிகள் பலவற்றிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டவை. விற்றவர் எல்லோரும் கொடியவரென்று சொல்ல முடியாது. சிலர் அறிந்தே விற்றனர். சிலர் அறிய விரும்பாமல் விற்றனர். எம்மைப்போல் கேளாமல் விற்றவரும் அவருள் இருந்திருப்பர். 1988 மார்ச்சு 16-ஆம் தேதி ஹலப்ஜா என்னும் குர்து மக்களின் ஊர்மீது விஷவாயு வீசப்பட்டு, ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் மடிந்தனர். வாசற்படியில் குழந்தையைத் தழுவியபடி இறந்து கிடந்த ஒரு முதியவரின் படத்தை உலகமெல்லாம் கண்டது.

விஷவாயு செய்யும் முறைகளிற் பயன்படும் ரசாயனங்கள் இரும்பைத் தின்றுவிடும் இயல்பின. சாதாரண எஃகுக் குழாயும் வால்வும் அவற்றைத் தாங்கா. டெப்லான், கண்ணாடிப் பூச்சு, டைட்டேனியம், டாண்டலம், சிர்க்கோனியம், நிக்கல் மிகுந்த உலோகக் கலவை ஆகிய சிலவே தாங்கும். ஆகவே இப்பொருள்களாற் செய்த சாதனங்களைக் கண்காணித்தால், அத்தகைய சாலையை எழுப்புவோர் கையைப் பாதியளவு கட்டிவிடலாம் என்று அரசாங்கங்கள் கண்டன. 1985-இல் ஆஸ்திரேலியா முன்னின்று சில நாடுகளைக் கூட்டி ஓர் ஏற்பாடு செய்தது. அதற்கு ஆஸ்திரேலியக் குழு என்றே பெயர். 2018 ஜனவரியில் நம் தேசமும் அதில் அங்கம் பெற்றது. நம் ஸ்காமெட் பட்டியலின் மூன்றாம் வகுப்பில் 'டி' என்னும் உட்பிரிவு அக்குழுவின் பட்டியலைத் தழுவியது. எமது வால்வு அகப்பட்ட இடம் அதுவே.

இனிப் படிக்கும் முறையைச் சொல்லுவோம். இதில் சற்றுப் பொறுமை வேண்டும், தாய்மார்கள் மன்னிப்பார்களாக. (ஆயினும் எமது பட்டறையிற் பட்டியலை முதன்முதல் முழுதும் படித்து முடித்தவர் எமது மருமகளே என்பதையும் சொல்லிவிடுகிறோம்.)

வால்வைப் பற்றிப் பட்டியல் கேட்பவை இரண்டு. ஒன்று, அதன் அளவு 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதா என்பது. நாம் செய்யும் வால்வுகளில் பெரும்பாலன அதற்கு மேற்பட்டவையே. ஆதலின் இக்கேள்வியில் எவரும் தப்புவதில்லை. மற்றொன்று, ரசாயனம் நேரே படும் பரப்புகள் யாவும் எப்பொருளால் ஆனவை என்பது. யாவும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உடல் இரும்பாயிருப்பது பொருட்டன்று. திரவம் தொடும் இடம் டெப்லானாயின், பட்டியலின் கண்ணில் அது டெப்லான் வால்வே. டெப்லான் என்பது ஒரு கம்பெனி இட்ட பெயர். பட்டியலோ, எடையில் 35 சதவீதத்திற்கு மேல் புளோரின் சேர்ந்த பாலிமர் என்று சொல்லுகிறது. ஆதலால் வேறு பெயரிட்டு விற்றாலும் விடுதலையில்லை. வால்வின் உடலையும், அதனுட் பொருத்துவதற்கென முன்னமே வார்த்த லைனிங்கையும் தனித்தனியே அனுப்பினாலும் அவையும் பட்டியலைச் சேர்ந்தவையே. முழு வால்வாக அனுப்பாமல் உதிரியாக அனுப்பிவிடலாமே என்று எம்மிடம் ஒரு நண்பர் யோசனை சொன்னார். நம் மூளை வேலை செய்யும் வழியைப் பட்டியல் எழுதியவர் முன்னமே அறிந்திருக்கிறார்!

உலோகக் கலவைகளில் விஷயம் இன்னும் நுட்பமாகும். 316 என்று நாம் வழங்கும் துருப்பிடியா எஃகில் குரோமியம் 16 முதல் 18 சதவீதம், நிக்கல் 10 முதல் 14 சதவீதம். பட்டியலின் வரம்போ நிக்கல் 25 சதவீதத்திற்கும் குரோமியம் 20 சதவீதத்திற்கும் மேற்பட்டிருக்க வேண்டும், இரண்டும் ஒருசேர. ஆகவே 316-இல் வார்த்த வால்வு இப்பிரிவிற் சேராது. அதை வார்ப்போர் இவ்வளவில் நிம்மதியாயிருக்கலாம். நிக்கல் மாத்திரம் 40 சதவீதத்திற்கு மேற்பட்டாலும் பட்டியலில் வரும். மோனல், ஹாஸ்டலாய் சி-276 முதலியன இவ்விதம் அகப்படும். இவ்விரண்டு கரைகளுக்கும் நடுவில் ஒரு சுழல் உண்டு. அதுவே நம் வார்ப்படச்சாலைகளில் அல்லாய் 20 என்று சொல்லப்படுவது. அதன் வார்ப்பு வகையில் நிக்கல் 27.5 முதல் 30.5 சதவீதம், குரோமியம் 19 முதல் 22 சதவீதம். நிக்கல் வரம்பைத் தாண்டிவிட்டது. குரோமியமோ வரம்பின் இருபுறமும் நிற்கிறது. திங்கட்கிழமை உருக்கிய உலையில் 19.6 வந்தால் ஒரு விதம். புதன்கிழமை உலையில் 20.5 வந்தால் வேறு விதம். ஒரே வரைபடம், ஒரே அச்சு, ஒரே விலை. ஆயினும் வகை வேறாகிவிடலாம். இதனைக் கிளியரிங் ஏஜெண்டு எங்ஙனம் அறிவார்? கணக்குப்பிள்ளை எங்ஙனம் அறிவார்? உலையின் சோதனைச் சீட்டைக் கையில் வைத்திருப்பவன் வார்த்தவனே அன்றோ? அவ்வகைச் சரக்கைப் பட்டியலைச் சேர்ந்ததாகவே பாவித்து அனுமதி கேட்பது நன்று என்பது எமது அபிப்பிராயம். ஐயம் தீராவிடில் டி.ஜி.எப்.டி. இலாகாவிற்கே விவரத்துடன் எழுதிக் கேட்கலாம்.

பம்பு செய்வோருக்கும் இவ்வாறே. கிணற்றுப் பம்பு வார்ப்பவர் அஞ்ச வேண்டுவதில்லை. ஸீல் இல்லாமலும், பல ஸீல்கள் அமைத்தும் கசிவைத் தடுக்கும் ரசாயனப் பம்புகள், மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் இறைப்பனவாய், மேற்சொன்ன பொருள்களாலும் ஆனவையாயின் பட்டியலில் அடங்கும். 0.6 கன மீட்டர் என்பது 600 லிட்டர். ரசாயனப் பம்பிற்கு அது மிகச் சிறிய அளவு. கசியாத பம்பு ஏன் வேண்டுமென்று சிந்தித்தால் காரணம் விளங்கும்: உள்ளே ஓடுவது கசிந்தால் ஓட்டுகிறவன் சாவான். சோப்பும் முகப்பூச்சும் செய்யும் நண்பர்கள் கையாளும் டிரைஎத்தனாலமைன் என்பதும், ரசாயன ஆயுத ஒழிப்பு உடன்படிக்கையின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறதென்று சொன்னால் வியப்பர். பட்டியலில் இருப்பது என்றால் பாவச் சரக்கு என்று பொருளன்று. விலக்கப்பட்டது என்றும் பொருளன்று. அதன் வழி வேறு, அவ்வளவே.

இங்கே சிலர், "நாம் நல்லெண்ணத்துடன் விற்கிறோம், நமக்கேன் இவ்வளவு ஆராய்ச்சி?" என்கிறார்கள். எண்ணத்தைக் கொண்டு சரக்கின் வகை மாறுவதில்லை. பெயரை மாற்றி எழுதினாலும் மாறுவதில்லை. பெயரை மாற்றி எழுதிப் பார்த்த ஒரு பெரிய கம்பெனியின் வரலாறு உண்டு. நம்மவர் பலர் லேத்தும் மில்லிங்கும் வைத்திருப்பதால் அதனைச் சற்று விரிவாகச் சொல்லுவோம்.

1949-இல் மேல்நாட்டரசுகள் சில, ருஷியாவிற்கும் அதன் கூட்டாளிகளுக்கும் போருக்குதவும் சரக்குகள் செல்லாதபடி பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி அமைத்தன. கோகாம் என்பது அதன் பெயர். பாரிஸில் இயங்கி 1994-இல் கலைந்தது. அதன் பட்டியல், ஒரே நேரத்திற் பல அச்சுகளில் இயங்கி உலோகத்தைச் செதுக்கும் யந்திரங்களைத் தடுத்திருந்தது. ஜப்பானின் தோஷிபா மெஷின் என்னும் கம்பெனி, கப்பலின் சுழல்விசிறியைக் கடைவதற்கென்று ஒன்பது அச்சுகள் கொண்ட பெரிய யந்திரங்கள் நான்கை 1982, 1983-ஆம் வருஷங்களில் ருஷியாவின் லெனின்கிராடு கப்பற்சாலைக்கு அனுப்பிற்று. யந்திரங்களை நடத்தும் கண்ட்ரோல் கருவியை நார்வே தேசத்துக் கோங்ஸ்பர்க் கம்பெனி கொடுத்தது. அனுமதி கேட்ட மனுவில் உண்மையான யந்திரத்தின் பெயரில்லை. தடையில்லாத ஒரு கடைசல் யந்திரத்தின் பெயரும் குறியீடுமே இருந்தன. காகிதத்தைப் பார்த்த அதிகாரிகள் அனுமதித்தனர். யந்திரத்தைப் பார்த்திருந்தால் ஒரு நாழிகையில் உண்மை வெளியாகியிருக்கும். அச்சுகளை எண்ணத் தெரிந்தால் போதுமே!

அவ்வியாபாரத்தில் இடைநின்ற வர்த்தகக் கம்பெனியின் ஊழியரொருவர் 1985-இன் இறுதியில் கோகாமிற்கு எழுதிய கடிதத்தால் விஷயம் புறப்பட்டது. 1987-இல் அமெரிக்கர் கொதித்தெழுந்தனர். ருஷிய நீர்மூழ்கிக் கப்பல்கள் ஓசையின்றி ஓடும்படி ஆனதற்கு இவ்யந்திரங்களே காரணம் என்றனர். அக்கப்பல்கள் அதற்கு முன்னரே ஓசை குறைந்துவந்தன என்று வாதிக்கும் நிபுணர்களும் உண்டு. எம் புத்தி பின்னவர் பக்கமே சாய்கிறது. ஆனால் கோபம் வாதத்திற்குக் காத்திருக்கவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர் சிலர், சட்டசபைக் கட்டடத்தின் முன்னர் தோஷிபா ரேடியோப் பெட்டியொன்றைச் சம்மட்டியால் நொறுக்கினர். ரேடியோப் பெட்டி செய்த குற்றம் என்ன என்று கேட்பாரில்லை. தாய்க் கம்பெனியாகிய தோஷிபாவின் தலைவரும் பிரஸிடெண்டும் 1987 ஜூலையில் பதவி துறந்தனர். தோஷிபா மெஷினும் கோங்ஸ்பர்க்கும் அமெரிக்காவில் தம் சரக்கை விற்க 1988-ஆம் வருஷத்துச் சட்டம் மூன்றாண்டுத் தடை விதித்தது. நான்கு யந்திரங்களின் லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று அக்கம்பெனியின் கணக்குப்பிள்ளை எழுதிப் பார்த்திருப்பார்.

யாம் பொய் எழுதவில்லை, அவர்கள் எழுதினார்கள். அவ்வளவில் எமக்கும் அவர்களுக்கும் வேறுபாடுண்டு. ஆனால் பெட்டியினுள் இருப்பதற்கும் காகிதத்தில் இருப்பதற்கும் பொருத்தமில்லாமை இரண்டிடத்தும் ஒன்றே. துறைமுகத்தில் நிற்கும் அதிகாரிக்கு நம் உள்ளம் தெரியாது.

பட்டியலின் பெயரிலேயே தொழில்நுட்பம் என்ற சொல்லும் இருக்கிறதென்று சொன்னோம். சரக்கை மட்டும் பார்த்து இதனை மறப்பவர் அநேகர். சரக்கு வேறு, அதனைச் செய்யும் வித்தை வேறு என்பதற்கு நம் தேசத்து வரலாறே போதிய சான்று. 1991-இல் நம் விண்வெளி இலாகா ருஷியாவின் கிளாவ்காஸ்மாஸ் ஸ்தாபனத்துடன், அதிகுளிர் எரிபொருளில் இயங்கும் ராக்கெட் இஞ்சின்களையும் அவற்றைச் செய்யும் வித்தையையும் பெறுவதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏவுகணைத் தொழில்நுட்பத்தைத் தடுக்கும் ஏற்பாட்டிற்கு இது மாறானதென்று அமெரிக்கா ஆட்சேபித்து, 1992-இல் இரு ஸ்தாபனங்கள் மீதும் தடை விதித்தது. 1993-இல் ருஷியா இணங்கிப்போயிற்று: இஞ்சின்களை ஆயத்தமாகச் செய்து தரும், செய்யும் வித்தையைத் தராது. இரும்பு வந்தது, வரைபடம் வரவில்லை. பின்னர் நம்மவரே அவ்வித்தையைத் தேடிக்கண்டு, திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரியில் சோதித்துச் சோதித்து, 2010-இல் ஒருமுறை தவறி, 2014 ஜனவரி 5-ஆம் தேதி நம் இஞ்சினைக் கொண்டே ராக்கெட்டை ஏற்றி வெற்றி கண்டனர். நம்மைத் தடுக்க எழுந்த அவ்வேற்பாட்டிலேயே 2016-இல் நம் தேசம் அங்கம் பெற்றது. பட்டியல் என்பது வல்லரசுகள் நம்மேல் சுமத்தியது என்று மேடையிற் பேசுவோர்க்கு நியாயமில்லாமற் போகவில்லை. ஆயினும் இன்று பட்டியலைக் காக்கும் பக்கத்தில் நாமும் நிற்கிறோம்.

இதனை ஏன் சொன்னோமெனில், எமது சரக்கு நின்ற சமயத்தில் எமது மருமகள் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, வால்வைத்தானே துறைமுகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், லைனிங் இடும் முறை, உஷ்ணம், அச்சின் வரைபடம் எல்லாவற்றையும் அந்தத் தரகர் கேட்டார் என்று போன மாதமே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டீர்களே, அதை யார் நிறுத்துவார்கள்?" என்றாள். எமக்கு வியர்த்துவிட்டது. பட்டியலைச் சேர்ந்த சரக்கைச் செய்வதற்குரிய குறிப்பான நுட்பச் செய்தியும் பட்டியலைச் சேர்ந்ததே. கப்பல் வேண்டுவதில்லை, கம்ப்யூட்டரில் ஒரு விசையை அழுத்தினால் எல்லை கடந்துவிடும். யாவர்க்கும் திறந்த நூல்களில் உள்ள செய்திக்கு இக்கட்டுப்பாடு இல்லை. எமது அச்சின் வரைபடம் எந்த நூலில் இருக்கிறது? அவ்விஷயத்தையும் யாமே இலாகாவிற்கு எழுதித் தெரிவித்தோம். எமது வக்கீல், கேளாததைச் சொல்லாதீர் என்றார். மருமகள் சொன்னதைக் கேட்டோம். பின்னர் விசாரணையில் எம்மை ஏமாந்தவராகக் கருதினார்களேயன்றி, உடந்தையென்று கருதவில்லை. அதற்கு அக்கடிதமே காரணம் என்பது எமது நம்பிக்கை.

மற்றொன்று. பட்டியலில் இல்லாத சரக்கு என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாமா? ஆகாது. பேரழிவு ஆயுதங்கள் குறித்த 2005-ஆம் வருஷத்துச் சட்டம், பட்டியலில் இல்லாத பொருளாயினும், அவ்வாயுதத்திற்குப் போகிறதென்று விற்பவன் அறிந்திருந்தாலும், அறிதற்குக் காரணமிருந்தாலும் அவனைப் பிணிக்கிறது. கூலிக்கு வந்தவன் பெயர் சொல்ல மறுப்பதும், ஊரைச் சொல்ல மறுப்பதும், பேரம் பேசாததும், யந்திரம் வாங்குவோன் அதனை நிறுவவும் பழுதுபார்க்கவும் ஆள் வேண்டாமென்பதும் அவ்விதக் காரணங்களே. இவற்றிற்குப் பட்டியல் வேண்டுவதில்லை.

எமது பட்டறையில் இப்பொழுது செய்துவருவதைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும், திரவம் படும் பொருள், அளவு, உலோகத்தின் சதவீதம், பட்டியலில் எவ்விடத்தைப் பார்த்தோம், சேரும் அல்லது சேராது, ஏன் என்பவற்றை எழுதி, எழுதியவர் கையெழுத்திட்டுத் தேதியும் இடுகிறார். சேராது என்பதற்கும் காரணம் எழுதுகிறோம். அதுவே அதிக உபயோகமாயிருக்கிறது. பட்டியல் திருத்தப்படும்போதெல்லாம் மறுபடி பார்க்கிறோம். 2023-இல் சிறிய ஆளில்லா விமானங்களுக்கு விதியைத் தளர்த்தி, 25 கிலோமீட்டர் தூரமும் 25 கிலோகிராம் சுமையும் மிகாதவற்றை ஒரே பொது அனுமதியில் பலமுறை அனுப்ப வழிசெய்தார்கள். ஆதலின் திருத்தம் என்றாலே இறுக்கம் என்று அஞ்சி, பாராமல் இருந்துவிடவும் வேண்டாம்.

அறுபது வால்வுகளும் திரும்பி வந்து எமது கிடங்கில் இருக்கின்றன. அவற்றில் இருபது திருப்பூர்ச் சாயச்சாலையொன்றிற்கு விற்றாயிற்று. மற்றவை விலைக்கு உண்டு. சங்கக் காரியாலயத்தில் பட்டியலின் பிரதியொன்றை வைத்திருக்கிறோம். போஜனத்திற்குப் பின்னர் மேல்மாடி அறையில் எமது மருமகள் இருப்பாள். வால்வு, பம்பு, ரசாயனம், யந்திரம் ஏற்றுமதி செய்வோர் தத்தம் வரைபடங்களையும் சோதனைச் சீட்டுகளையும் கொண்டுவந்தால், அவளுடன் இருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். காதர்பேட்டைக்கு நூல் அனுப்பும் நண்பர்கள் வர வேண்டுவதில்லை. அவர்கள் இன்னும் ஒரு கை பாயசம் சாப்பிடலாம்.